விளம்பரத்தில் கண் மூடிய பெண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பட்டப்பகலில், டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த அறையில் நடந்தது இது. பார்த்தது நான் மட்டுமல்ல.

1999. அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடி. முன்பின் தெரியாதவர்கள் பெயரைப் பதிந்து, கம்ப்யூட்டர் வழியாக நண்பர்களாகிப் பேசிக்கொள்ளும் இணையதளம் ஒன்றை ஸ்ரீவத்சன் சார் தொடங்கியிருந்தார். சேருகிறவர்களுக்கு எல்லாம் இலவசம். விளம்பரம் வந்தால்தான் ஆபீஸ் ஓடும். கடை கடையாக ஏறி விளம்பரம் பிடிப்பதும், அதை வடிவமைப்பதும் என் வேலை.

எல்லோரும் "பேப்பர்ல வருமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சரி என்று சொன்ன முதல் ஆள், தி.நகரில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த வெள்ளைச்சாமி அண்ணாச்சி. மாடல் பெண் வேண்டாம் என்றார். உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"எம் மவ, மீனாட்சி. இவ படத்தையே போட்டுருங்க தாயி."

மாம்பழக் கலர் பட்டில், நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று படங்களைக் கோர்த்தேன். மீனாட்சி, புடவை, கடையின் போன் நம்பர். ஒன்று மாற்றி ஒன்று தானாக வரும். பக்கத்தின் உச்சியில் வைத்தேன்.

மறுநாள் மதியம் அரட்டைப் பகுதியில் ஒருவர் கேட்டார். "மேல இருக்கிற பொண்ணு ஏன் கண்ண மூடிக்கிறா?"

சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் அதையே கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். மீனாட்சி. புடவை. நம்பர். மீனாட்சி. புடவை. நம்பர்.

மீனாட்சி... கண் மூடியிருந்தது.

விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றே படங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகக் கோர்த்தேன். மறுபடியும் மூடினாள். இந்த முறை சீக்கிரமாகவே.

ஸ்ரீவத்சன் சார் குனிந்து பார்த்தார்.

"யார் பண்ணினா இதை?"

"தெரியல சார்."

எத்தனை பேர் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்ற கணக்கைத் திறந்தார். ஏறிக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் இதைத்தான் கிளிக் பண்ணிண்டிருக்கா. எடுக்காதே."

மூன்றரை மணிக்கு வெள்ளைச்சாமி அண்ணாச்சி வந்தார். விளம்பரத்தைப் பார்க்க. நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன்.

மோடம்... கிர்ர்ர்...

மீனாட்சி வந்தாள்.

மூடினாள்.

புடவை வரவில்லை. நம்பர் வரவில்லை.

அண்ணாச்சி பதறவில்லை. விரலால் திரையைத் தொட்டார். கண்ணாடி சடசடத்தது.

"எடுத்துருங்க தாயி."

எடுத்தேன். போட்டோவை உறையில் போட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அடுத்து எந்தக் கடை என்று சார் கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரம் தி.நகர் போனபோது அண்ணாச்சி கடையில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மீனாட்சி எங்க அண்ணாச்சி?"

"தையிலேயே போய்ச் சேந்துட்டா தாயி. வளந்தப்புறம் ஒரு போட்டோகூட எடுக்கல. அன்னிக்குத்தான் பட்டக் கட்டி, உக்கார வச்சி எடுத்தோம். நாலு பேரு பாக்கட்டுமேன்னு ஒங்ககிட்ட குடுத்தேன்."

"ஆனா, போட்டோல கண்ணு..."

"அது ஸ்டுடியோக்காரரு வரைஞ்சது."