குவாசருக்கு விலாசம் எழுதுகிறவள்

வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று அளந்து பட்டியல் போடுவது என் தொழில், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டதும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குவாசர் என்பது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ரேடியோ அலைகளை வாரி இறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருள். வெவ்வேறு கண்டங்களில் இருக்கும் பெரிய ஆண்டெனாக்கள் அதை ஒரே சமயத்தில் கேட்கும். எதற்கு அலை முதலில் வந்தது, எதற்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்ற வித்தியாசத்தை வைத்து, அது வானத்தில் எந்தப் புள்ளி என்று கணக்கிடுவோம். ஆண்டெனாக்கள் எல்லாம் வெளிநாட்டில். எனக்கு அடையாறில் மூன்றாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர், கடகடக்கும் ஒரு ஃபேன், எதிர் மேஜையில் ஷாகிரா. ஷாகிரா திருவல்லிக்கேணிக்காரி, எங்கள் புரோகிராம்களை எழுதுவது அவள்தான்.

எந்தத் தாலுகா?

பாஸ்போர்ட் விசாரணைக்காக மயிலாப்பூர் வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "இன்னா வேலை மேடம்?" என்றார்.

"வானத்துலேருந்து ரேடியோ அலை வர்ற இடங்களை அளக்கிறது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "சர்வேயரா?"

"கிட்டத்தட்ட."

"எந்தத் தாலுகா?"

பத்து நிமிஷம் குவாசரைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அது நகராதா?" என்றார். எங்கள் கண்ணுக்கு நகரவே நகராது, அதனால்தான் அதை ஆதாரமாக வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறோம் என்றேன். அவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். சாந்தோம், மந்தைவெளி, தி. நகர், இப்போது மயிலாப்பூர் என்று என் விலாசங்கள் வரிசையாக நின்றன. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த வரிசை புரியும். ஏட்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அது பாட்டுக்கு ஒரே எடத்துல கீது, அதைப் போய் வருசம் பூரா செக் பண்றீங்க. அஞ்சு வருசத்துல நாலு வூடு மாறிக்கீறீங்க, உங்களைத்தான் மேடம் யாராவது அளக்கணும்."

வைகாசியில் அருந்ததி

என் கணவரின் சித்தப்பா பெண் நித்யாவுக்கு வடபழனியில் கல்யாணம். வைகாசி மாதம், காலை எட்டு மணி. தாலி கட்டி முடிந்ததும் சாஸ்திரிகள் மணமக்களுக்கு அருந்ததி பார்க்கச் சொல்லி மண்டபத்தின் விட்டத்தைக் காட்டினார். நித்யா என்னைப் பார்த்துத் திரும்பி, "அண்ணி, நிஜமாவே அங்கதான் இருக்கா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

என் தொழில் கௌரவம் சும்மா இருக்குமா? போனை எடுத்து அரை நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். நேர் வடக்கே, தரைக்குக் கீழே இருபது டிகிரி. கையை நீட்டிக் காட்டினேன். விரல் போய் நின்ற திசையில் மாடிப்படி, அதற்குக் கீழே சாப்பாட்டு ஹால். நித்யாவின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியம் நடக்கும்போது நட்சத்திரம் தரைக்குக் கீழே என்று சொல்லலாமா? என் கணவர் மாப்பிள்ளையின் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாஸ்திரிகள்தான் காப்பாற்றினார்: "கவலைப்படாதீங்கோ மாமி, அருந்ததி முதல் பந்திக்கே இறங்கிப் போய்ட்டா. நாமதான் இன்னும் மேடையை விட்டு இறங்கலை."

ஒரு விரல் தளர்த்தி

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு வழக்கமான தையல்காரர் இருக்கிறார், பாய் என்று கூப்பிடுவோம். அன்று குர்தாவுக்கு அளவெடுத்தார். டேப் காட்டியது ஒன்று, அவர் நோட்டில் எழுதியது வேறு. தப்பு கண்டுபிடிப்பதுதானே எனக்கு வேலை! "பாய், அரை இஞ்ச் கூட எழுதிட்டீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிலாவில் ஒருவர் நின்று உள்ளங்கையை விரித்தால் இங்கிருந்து எவ்வளவு சின்னதாகத் தெரியுமோ, அந்த அளவுக்குத் துல்லியமாக நாங்கள் அளப்போம் என்றும் சேர்த்துச் சொன்னேன். பாய் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மாஷா அல்லாஹ், நல்லா அளங்க. உங்க நட்சத்திரம் மத்தியானம் பிரியாணி சாப்பிடாது, நீங்க சாப்பிடுவீங்களேம்மா?"

ஓடிப்போன குவாசர்

இதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தெற்கு வானத்தில் ஒரு குவாசர். வருஷக்கணக்காகச் சமர்த்தாக ஒரே இடத்தில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, புதிதாக வந்த பதிவுகளை வைத்துக் கணக்கைப் போட்டால், பழைய இடத்தில் இல்லை. மறுபடி போட்டேன், அப்போதும் இல்லை. குவாசருக்குள் ஏதாவது வெடித்து வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இப்படித் தெரிவது உண்டு. அப்படி இருந்தால் பெரிய செய்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக் குழுவுக்கு அன்றே மெயில் தட்டினேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேச அரை மணி நேரம் ஒதுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, எதற்கோ பழைய மெயில்களைத் தேடினேன். அங்கே இருந்தது. தெற்கே இருக்கும் ஒரு ஆண்டெனாவின் அடிப்பாகத்தைப் பழுதுபார்த்திருக்கிறார்கள். அதில் ஆண்டெனாவே நாலு சென்டிமீட்டர் இடம் மாறியிருக்கிறது. கணக்கில் அதன் இருப்பிட எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லி மூன்று மாதம் முன்பே எழுதியிருக்கிறார்கள். படித்து, "நன்றி" என்று பதிலும் போட்டிருக்கிறேன். மாற்றத்தான் மறந்துவிட்டேன். குவாசர் எங்கேயும் போகவில்லை. அதை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டெனாதான் நகர்ந்திருந்தது. காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

போனேன். அரை மணி நேரப் பேச்சை ஒரே நிமிஷத்தில் முடித்தேன். "தவறு என்னுடையது, செய்தி எதுவும் இல்லை" என்றேன். திரையில் பதினான்கு முகங்கள். பிறகு தலைவர், "சொன்னதற்கு நன்றி, அடுத்தவர் பேசலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அன்று சாயங்காலமே எண்ணைத் திருத்திக் கணக்கைப் போட்டேன். குவாசர் பழைய இடத்தில் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது. நான் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஷாகிரா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சுதே, அதுவே நல்லதாப் போச்சு. வானத்தோடதா இருந்தா, யாருக்குப் போய் மெயில் போடறது?"

வாடிக்கையாளர்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊரூர் குப்பத்தில் அஞ்சலையிடம் மீன் வாங்குவேன். ஒரு நாள் அவள் புருஷன் ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மடியில் ஒரு ஜிபிஎஸ் கருவி. "வலை வுட்ட எடத்தை இதுலதான் குறிச்சுக்கினு வர்றேன்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் பட்டியலை உபயோகிக்கிற ஒருவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நின்ற இடத்திலேயே விளக்கினேன். பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை, கொஞ்சம் தள்ளாடும். எவ்வளவு தள்ளாடுகிறது என்று குவாசர்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் இந்தக் கருவி நாளாக நாளாகத் தப்பான இடத்தைக் காட்டும். ஏழுமலை வலையைக் கீழே வைத்துவிட்டு, "மெய்யாலுமா?" என்று கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டு, "இவங்கதான் இதுக்கு ஆபீசரு" என்று என்னைக் காட்டினார். நான் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன். அஞ்சலை மட்டும் அசரவில்லை. அன்று அவள் கூடையில் கிடந்தது நாலே நாலு சங்கரா. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாந்தூரத்துல கீறதை வச்சு இந்தாளு வலை எங்க கீதுன்னு சொல்லிட்டீங்க, சரி, மீனு எங்கம்மா?"

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அளப்பதற்கு வானத்தைப்போல வசதியான ஆள் கிடையாது, அது ஒன்றுதான் திருப்பிப் பேசாது.