அப்பாவுக்கு ஒரு சாக்கு

சிங்கப்பூர் தேக்காவில் மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் நின்ற லாரியின் ஈரத் தார்ப்பாய் வாசனை என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது.

அன்றும் மழைதான். லாரியில் சிமெண்டு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காய்ச்சலோடு ஏறிய அப்பாவும் மற்ற கூலிக்காரர்களும் நனைந்துகொண்டிருந்தார்கள். அம்மா காலிச் சாக்கும் கோணி ஊசியுமாகக் கங்காணியிடம் போனார்.

"அண்ணே, இவரையும் இதுல போட்டுத் தச்சுத் தர்றேன். சிமெண்டோட சேத்து மூடிக்குங்க."

"மூச்சு முட்டிச் செத்துருவான்லா."

"நனைஞ்சாலும் சாகத்தான் போறாரு. இப்படின்னா காஞ்ச பொணமாவது கிடைக்கும்."

லாரியிலிருந்து ஒருவர், "அக்கா, எனக்கும் ஒரு சாக்கு" என்றார். பிறகு எல்லோருமே கேட்டார்கள்.

கங்காணி தார்ப்பாயை அவிழ்த்து, மூட்டைகளோடு ஆட்களும் அடங்கும்படி உயர்த்திக் கட்டினார்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, நானும்தான். ஆனால் அப்படி ஒரு பேச்சு எனக்கு இந்த வயதிலும் வாய்க்கவில்லை.