கண்மாய்க்குள் ஒரு ஹாக்கி கோச்

பனி ஹாக்கி என்றால் இடைவேளையில் ஆளுக்கொரு குச்சி ஐஸ் கொடுப்பார்கள் என்று நினைத்தவன் நான். நினைத்ததோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்க, அன்றுதான் வேலையில் சேர்ந்த கோச்சிடமே கேட்டுவைத்தேன். இத்தனைக்கும் நான் பூகோள வாத்தியார். கோச் சிரிக்கவில்லை. லடாக்கில் மார்கழி, தை மாதங்களில் ஏரி பாறையாகிவிடும் என்றும், பட்டாளத்து ஆட்கள் அடியில் கத்தி பதித்த பூட்ஸோடு அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஆடுவார்கள் என்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நரிக்குடிப் பக்கத்து மனிதர். சின்ன வயதிலேயே பட்டாளத்துக்குப் போய், படைப்பிரிவு அணிக்கு ஆடி, ஒரு மோதலில் முழங்கால் போய், எண்பதுகளின் கடைசியில் திருச்சுழிப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்குச் சாதா ஹாக்கி சொல்லித்தர வந்திருந்தார். அணிக்கு மேனேஜராக என்னைப் போட்டார்கள். வேறு எதற்கும் நான் பயன்படவில்லை என்பதுதான் தகுதி.

பள்ளிக்கு மைதானம் கிடையாது. வற்றிய கண்மாய்தான் மைதானம். வண்டல் அள்ளிய பள்ளங்களை மூடி, கருவேல முளைகளைத் தோண்டி எறிந்து, செங்கல் சூளைச் சாம்பலால் கோடு போட்டார் கோச். அந்த வருஷம் பார்த்து மழை கொட்டியது. ஊரே குளிர்ந்துபோய்க் கிடக்க, அவர் மட்டும் கரையில் நின்று கோல் கம்பங்கள் முங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் பயிற்சி வைத்தோம். தலைமை ஆசிரியரின் ஜன்னல் உடைந்ததும் அதுவும் நின்றது. “அங்க தண்ணி இறுகுனா ஆட்டம். இங்க தண்ணி வத்துனா ஆட்டம். அம்புட்டுத்தான் சார் வித்தியாசம்” என்றார். பள்ளிக் கமிட்டிக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அடுத்த ஐப்பசியில் விருதுநகர் போட்டியில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் ஹாக்கியும் வேண்டாம், கோச்சும் வேண்டாம் என்றார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி வரைக்கும் மழை பொய்த்தது. கண்மாய் சிமெண்டுத் தளம்போல் இறுகியது. கெட்ட காலை இழுத்துக்கொண்டே அவர் திரும்பிக் காட்டுவார். பையன்கள் அச்சாக அப்படியே, ஒரு காலை இழுத்துத் திரும்புவார்கள். நல்ல காலால்தான் திரும்ப வேண்டும் என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் முகத்தில் சந்தோஷம் பார்த்தது அந்தச் சில மாதங்களில்தான். அதற்குள் வீடுகளில் தானியக் குலுக்கை காலியானது. ஒருவன் அருப்புக்கோட்டைத் தறிக்குப் போனான். இருவர் சிவகாசிக்கு. சென்டர் பார்வர்டை மெட்ராஸ் மளிகைக் கடைக்கு அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டு, போட்டி முடியும்வரை பொறுக்கச் சொல்லி நாங்கள் இருவரும் அவன் அப்பாவிடம் போய் நின்றோம். அவர் மரியாதையாக எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசினார்.

“மழை பெஞ்சா இவன் ஏருக்குப் பின்னால போவான். பெய்யலைன்னா கடைக்குப் போவான். ஆட்டத்துக்கு எப்ப சார் வருவான்? நீங்களே சொல்லுங்க.”

கோச்சே பையனின் துணிப்பையை வாங்கி, அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இன்னும் சிலரும் இப்படிப் போய், போட்டியன்று விருதுநகரில் இறங்கும்போது எங்களிடம் ஆறு பையன்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். பதினோரு பேர் ஆடவேண்டிய இடத்தில் ஆறு பேரை வைத்து ஆட்டம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கமிட்டி சொன்ன சொல் மாறவில்லை. கோச் பெட்டியோடு கிளம்புவதற்குள் கார்த்திகை அடைமழை பிடித்து, கண்மாய் கரைமுட்ட நிரம்பியது. வழியனுப்பக் கரைமேலேயே அவரோடு நடந்தேன். பேசாமல் நடந்திருக்கலாம். பனி ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் என்று அவர் எப்போதோ சொன்னது அந்நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

“கோச், ஆறு பயலுக இருக்காய்ங்க. தண்ணியும் வந்திருச்சு. தைப் பனி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

அவர் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

“இது உறையாது, சார்.”