றஞ்சிதம் மாமியின் ஆறு கோப்பைகள்

றஞ்சிதம் மாமி முப்பது வருசம் ஒரு தேயிலைக் கம்பனியில் ரைப்பிஸ்டாக இருந்தவர். தேயிலை ருசி பார்ப்பவர்கள் சொல்வதையெல்லாம் அவர்தான் தட்டச்சில் அடித்துக் கொடுத்தார். ஒரு நாளும் ஒரு கரண்டி தேத்தண்ணியை அவரிடம் நீட்டி, "எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டில் ஆறு கோப்பைகளில் தேத்தண்ணியை வரிசையாக வைத்து, தெருவுக்கே கேட்க உறிஞ்சி, வாளிக்குள் துப்புகிறார். கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த நான் பதறிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

"திறந்து விடு பிள்ளை. சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் ருசி பிடிபடும்."

அன்று கிளைவ் அங்கிள் வந்தார். அதே கம்பனியில் ருசி பார்த்தவர். "ரைப் அடிச்ச ஆளுக்கு நாக்கும் வந்திட்டுதோ?" என்று சிரித்தார்.

"சோதிச்சுப் பாருங்கோ."

நான் கோப்பைகளின் அடியில் அந்தந்தத் தேயிலை விளைந்த மலைப்பகுதியின் பெயரை ஒட்டி, இடம் மாற்றி வைத்தேன். மாமி ஐந்தைச் சரியாகச் சொன்னார். ஆறாவதை ஊவா என்றார், ஒட்டியிருந்தது டிம்புள.

"நான் சொல்லேல்லையா?" என்றார் அங்கிள்.

"நீங்களும் எத்தனை பிழை விட்டனீங்கள், கிளைவ்! எல்லாத்தையும் அழிச்சுத் திருப்பி அடிச்சது நான்தானே. இனி என்ர பிழையை நானே விடுறன்."

மாமி அந்த ஆறாவது கோப்பையை எடுத்து, இன்னும் சத்தமாக உறிஞ்சினார்.