அண்ணி அழித்த வரி

டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் அந்த லேபில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். லேபை நடத்துகிறவள் அவளுடைய நாத்தனார். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பல் செதுக்குகிறவர்கள் முதல் பார்சல்காரர் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். மரியாதைதான் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.

டாக்டர்கள் அனுப்பும் தாடை ஸ்கேன்களைப் பத்திரப்படுத்துவது அண்ணியின் வேலை. சர்வரில் இருப்பதை முதல் தடவை முழுசாக இன்னொரு டிஸ்கில் நகல் எடுக்கவேண்டும். அப்புறம் தினமும் சாயங்காலம் புதிதாக வந்ததை மட்டும். ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, கரண்ட் அடிக்கடி போக ஆரம்பிக்கும்வரை. அதன்பின் நகல் டிஸ்க் ஊதிப்போய் நிரம்பிவிட்டது.

நாத்தனார் எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டாள். "எங்க அண்ணன் வீட்ல உங்களை எப்படித்தான் வச்சு ஓட்டறாரோ. ஒரு காப்பி எடுக்கத் துப்பில்லையே." செதுக்குகிறவர்களில் ஒருத்தி சிரித்ததும் காதில் விழுந்தது.

அண்ணி இரண்டு நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக் காரணத்தைப் பிடித்தாள். மெஷின் அணைந்து எழும்போதெல்லாம் அதே சர்வர் டிஸ்குக்குப் புது எண் கொடுத்துவிடுகிறது. நகல் எடுக்கும் புரோகிராமோ எண்ணைப் பார்த்துத்தான் ஆளை நம்பும். கதவில் எண்ணை மாற்றி எழுதியதும் சொந்த வீட்டையே வேறு வீடு என்று நினைக்கிற ஜாதி அது. பழைய ஃபோல்டர்களை எல்லாம் புதுசு என்று எண்ணி, மொத்தத்தையும் மறுபடி வாரிக் கட்டுகிறது. டிஸ்க் எண்ணைப் பார்க்காதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். சரியாகிவிட்டது.

சொல்லலாம் என்று போனவளை நாத்தனார் முந்திக்கொண்டாள். திங்கள்கிழமையிலிருந்து கம்ப்யூட்டரைத் தன் கொழுந்தன் பார்த்துக்கொள்வானாம், அண்ணி பார்சல் மேஜைக்குப் போகலாமாம்.

அண்ணி தலையாட்டினாள். அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் உள்ளே போய் அந்த வரியை அழித்தாள். தான் போட்டதைத் தான் எடுத்தால் யார் என்ன கேட்க முடியும்?

அதற்கப்புறம் கரண்ட் போகும்போதெல்லாம் பார்சல் மேஜையில் டேப்பை நிதானமாக இழுத்து ஒட்டியபடி காத்திருந்தாள். கொழுந்தன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகல் டிஸ்க் மறுபடி நிரம்பி, நகல் எடுப்பதே நின்றுபோனதை அவன் கவனிக்கவில்லை. பார்சல் மேஜையிலிருந்து பார்த்தால் நகல் நின்றால் சர்வரில் எரியும் சிவப்பு விளக்கு தெரியும். அண்ணி கவனித்தாள். தினமும்.

ஒரு நாள் சர்வர் டிஸ்க் செத்தது.

நகல் இருந்த நாள்வரைக்கும் மீட்கலாம். அதற்குப் பிறகு வந்த வாய்கள் எல்லாம் போனது போனதுதான். நாத்தனார் ஒவ்வொரு டாக்டராகக் கூப்பிட்டு, நோயாளியை மறுபடி வரவழைத்து ஸ்கேன் எடுத்துத்தரச் சொல்லிக் கெஞ்சினாள். ஒரு டாக்டர் கத்தியது மேஜைவரை கேட்டது. அண்ணி ஒரு பெட்டியை ஒட்டி ஓரமாக வைத்தாள். வெகு நாளைக்கப்புறம் வேலை இனித்தது.

கடைசியில் நாத்தனார் மேஜையருகில் வந்து நின்றாள். "அன்னிக்கு நான் பேசினது தப்புதான் அண்ணி. வந்து பாருங்க."

லேபுக்குள் அவளை 'நீங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய அண்ணி நிமிர்ந்தாள். "என் காதுல சொன்னா எப்படிம்மா? அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

நாத்தனார் முகம் கறுத்தது. போனாள். சொன்னாள். சிரித்தவள் குனிந்து, செதுக்கிய பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். கொழுந்தன் எழுந்து வழிவிட்டான். மிஞ்சியதை மீட்டு, புது டிஸ்க் மாட்டி, அந்த வரியை மறுபடி அடிக்கும்போது நாத்தனார் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அண்ணி நாற்காலியோடு நகர்ந்து திரையை மறைத்தாள்.

"என்னன்னு எழுதி வச்சிடுங்களேன் அண்ணி. நீங்க இல்லாத நாளைக்கு வேணும்ல."

"நான் எங்க போகப்போறேன்?" என்றாள் அண்ணி. "இங்கதானே இருப்பேன்."