மூன்று முறைக்கு மேல் தூக்க விடாத குருமூர்த்தி

2025 பிப்ரவரி 3: 40 கிலோ × 3 முறை × 3 சுற்று = 360 கிலோ. உடல் எடை 61.2.
மார்ச் 10: 45 × 3 × 3 = 405. உடல் எடை 62.9.
ஏப்ரல் 21: 50 × 3 × 3 = 450. உடல் எடை 64.8.
மே 19: 55 × 3 × 3 = 495. உடல் எடை 66.5.
ஜூன் 23: 57.5 × 3 × 3 = 517.5. உடல் எடை 68.1.

இது கலையரசன் என்ற இருபத்தாறு வயதுப் பையன் பெஞ்சில் மல்லாந்து படுத்து, மார்புக்கு மேலே இரும்புத் தண்டைத் தூக்கி இறக்கிய கணக்கு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றி அல்ல. அவனை மூன்று முறைக்கு மேல் தூக்க விடாத குருமூர்த்தியைப் பற்றி.

குருமூர்த்திக்கு வயது நாற்பத்தொன்று. சேந்தமங்கலத்துக்காரன். பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். பதினேழு வருடம் பண்ணை பண்ணையாகப் பைக்கில் சுற்றி, திங்கள்தோறும் கோழிகளைப் பிடித்து எடை போட்டான். அந்த எடைகளைத் தலைமை அலுவலகத்தில் பதிவு செய்தவன் நான். அவன் எண்களில் நான் ஒரு தவறும் கண்டதில்லை. அதை இப்போதும் சொல்வேன். கோழியைப் பொறுத்தவரை அவன் நல்ல வேலைக்காரன்.

2022இல் வேலையை விட்டான். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் காலியாகக் கிடந்த ஒரு கோழி ஷெட்டைக் குத்தகைக்குப் பிடித்து உடற்பயிற்சிக் கூடம் திறந்தான். தரையில் சிமெண்ட் பூசினான், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்தான். பழைய எச்சத்தின் நாற்றம் மட்டும் போகவில்லை. மழை நாளில் அது சிமெண்டைத் தாண்டி எழும். அதோடு பையன்களின் வியர்வை, பச்சை முட்டை, அட்டைத் தட்டில் உடைந்து ஒழுகிக் காய்ந்த மஞ்சள் கரு. என் எழுபத்துமூன்று வயதில் மூட்டு அறுவை செய்துகொண்டு, தொடைச் சதையைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னதால்தான் அங்கே போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. மூக்கில் கைக்குட்டையோடு போய், கைக்குட்டையோடு திரும்புவேன்.

நாற்றத்தையும் பொறுக்கலாம். அவன் கட்டைவிரலைப் பொறுக்க முடியவில்லை. கறிக்கோழியின் நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டிக் கறி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பையனையும் அவன் அப்படியே பார்த்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சு நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் கிள்ளுவான். பிறகு தீவன மூட்டை எடை போடும் தராசில் ஏற்றி நிறுத்துவான். முன்பு எந்தத் தராசில் மக்காச்சோளம் நின்றதோ அதே தராசு.

கலையரசன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன். முந்தைய காவலர் தேர்வில் ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி, மார்பளவில் நின்றுவிட்டான். எண்பத்தொன்று சென்டிமீட்டர் வேண்டும், அவனுக்கு எழுபத்தொன்பதரை. இந்த ஆகஸ்டு 12ஆம் தேதி மறுபடி உடல் தகுதித் தேர்வு. இதையும் விட்டால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அவன் வாழ்க்கையில் எஞ்சியிருந்தது அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

குருமூர்த்தி முதல் நாளே கட்டைவிரலை வைத்தான்.

"நெஞ்செலும்பு கத்தியாட்டம் நிக்குது சாமி. என்ர கைல உடு. கறி புடிச்சிரும்."

"பீசு எவ்வளவுங்க மாஸ்டர்?"

"உன்ர கிட்டப் போயி வாங்குவனா? போலீஸ் ஆயிட்டு ஒரு போட்டோ குடு. அக்கட்டச் செவுத்துல மாட்டிக்கறேன்."

அந்த இலவசம்தான் பின்னால் பையனின் கழுத்தைப் பிடித்தது.

கறிக்கோழி ஷெட்டில் ஒரு விதி உண்டு. கோழி ஓடக்கூடாது. ஓடினால் தின்ற தீவனம் வீண். வெளிச்சத்தைக் குறைத்து, அசையாமல் உட்கார வைத்து, தின்ன வைக்க வேண்டும். குருமூர்த்தி இந்த விதியை மனிதன் மேல் அப்படியே கவிழ்த்தான். கனமாக வை, மூன்று முறை தூக்கு, தண்டை வைத்துவிட்டு உட்கார், முட்டை தின். இருந்த விளக்குகளில் பாதியை அணைத்தே வைத்திருந்தான். ஒரு நாள் கலையரசன் நாலாவது முறை தூக்கப் போனபோது அவன் போட்ட சத்தம் சாலைவரை கேட்டிருக்கும்.

"வெய்யி! ராட வெய்யிடா! ஓடற கோழில கறி நிக்குமா?"

"இன்னும் ரெண்டு வருமுங்க மாஸ்டர்."

"வந்தா வருது. அது உள்ளயே இருக்கட்டும். போயி உக்காரு."

நான் வாயால் சண்டை போடுகிறவன் அல்ல. அலுவலகத்தில் எதையும் எழுத்தில் கொடுத்துப் பழகியவன். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அவனுக்குத் தபாலில் கடிதம் போட்டேன். முதல் கடிதம் பெஞ்சில் நிற்கும் வியர்வையைத் துடைப்பது பற்றி. அதன் பலனாக ஒரு துண்டு தொங்கவிடப்பட்டது. அந்தத் துண்டு ஒருநாளும் துவைக்கப்படவில்லை. அதைப் பற்றி மேலும் எழுத எனக்குக் குமட்டுகிறது.

இரண்டாம் கடிதம் மூன்று முறை பற்றி. பிசியோதெரபிஸ்ட் அம்மா எனக்கு விளக்கியதை எழுதினேன். சதை வளர இத்தனை முறைதான் என்று ஒரு மந்திர எண் கிடையாது. ஆறு முறையிலும் வளரும், இருபது முறையிலும் வளரும், கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும், மொத்த வேலையும் போதுமானதாக இருக்க வேண்டும். மூன்று முறை தூக்கினால் பலம் கூடும். ஆனால் அதை மூன்று சுற்றோடு நிறுத்தினால் சதைக்கு அது போதாது. முப்பத்தைந்து கிலோவைப் பத்து முறை வீதம் மூன்று சுற்று தூக்கினால் 1,050 கிலோ ஆகிறது, கலையரசன் தூக்குவதோ அதில் பாதிகூட இல்லை என்று கணக்கும் போட்டிருந்தேன்.

குருமூர்த்தி அந்தக் கடிதத்தைக் கண்ணாடி முன்னால் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினான்.

"கேளுங்கடா, நம்ம சார் எழுதியிருக்கறாரு. சாருக்குக் கணக்குத் தெரியும், கறி தெரியாது. ஏனுங் சார், உங்க முட்டிக்கு இருபது செரி. சிங்கக்குட்டிகளுக்கு எதுக்குங் அது?"

சிங்கக்குட்டிகள் சிரித்தார்கள். தங்கள் கைகளைத் தாங்களே முத்தமிடும் கூட்டம். கலையரசனும் சிரித்தான். தராசில் ஏழு கிலோ ஏறியிருந்ததே, ஏன் சிரிக்க மாட்டான்?

ஜூன் 24ஆம் தேதி அவன் அம்மா அங்காளம்மாள் ஷெட்டுக்குள் வந்தார். வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவர். கழுத்தில் டேப் தொங்கியது. வெற்று உடம்போடு நின்ற சிங்கக்குட்டிகள் சட்டையைத் தேடி ஓடின.

"ஏனுங் மாஸ்டரு, என்ர பையன் பேண்ட்டு இடுப்ப ரெண்டு தடவ பிரிச்சு உட்டுட்டேன். சட்ட மட்டும் போன வருசத்துதே செரியா இருக்குது. நீங்க நெஞ்ச வளக்கறீங்களா, வவுத்த வளக்கறீங்களா?"

"எடை ஏழு கிலோ ஏறியிருக்குதுங் அக்கா."

"போலீசுல டேப்பு வெப்பாங்களா, தராசு வெப்பாங்களா?"

அங்காளம்மாள் மகனை நிறுத்தி அளந்தார். மார்பு எண்பது. இடுப்பு, எழுபத்துநான்காக இருந்தது, எண்பத்துமூன்று. ஐந்து மாத முட்டையும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

குருமூர்த்தியின் முகம் சுண்டியது. அவன் அப்போதே தப்பு என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திருக்காது. அவன் சொன்னது வேறு.

"யாரு சொன்னாலும் ஷெட்டுல போட்டுப் பாக்காம நான் தீவனம் மாத்த மாட்டேனுங் அக்கா. என்ர கையிலயே போட்டுப் பாக்கறேன். எடது கைக்கு மூணு, வலது கைக்குப் பத்து. எட்டு வாரம். எது பெருக்குதோ அதத் தம்பிக்குக் குடுத்துரலாம்."

"எட்டு வாரமா? பன்னெண்டாந்தேதிக்கு ஏழு வாரந்தானே கெடக்குது!"

"அதுக்காவ பாதி பேட்ச்சுல தீவனத்த மாத்துனா ரெண்டுங் கெட்டுப் போயிருமுங்க."

இதுவும் கம்பெனி விதிதான். ஒரு தொகுதிக் கோழி விற்பனைக்குப் போகும்வரை தீவன முறையை மாற்றக்கூடாது. கோழிக்கு அது நியாயம். கோழி காவலர் தேர்வுக்குப் போவதில்லை.

வெளியே கலையரசனை நிறுத்தி, "நீயே பத்து முறை தூக்கு, யாரைக் கேட்க வேண்டும்?" என்றேன்.

"ஒத்தப் பைசா வாங்காம பண்ணுறாருங்க ஐயா. அவரு கண்ணு முன்னாடி எப்பிடிங்க மீறுறது?"

"அப்ப என்ர கண்ணு முன்னாடி மீறு" என்று பின்னாலேயே வந்த அங்காளம்மாள் அதட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவனிடமும் எனக்கு அன்று வெறுப்புத்தான் வந்தது.

ஏழு வாரமும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். ஒரு பெஞ்சில் பையன் மூன்று முறை தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் குருமூர்த்தி வலது கையால் பத்து முறை, முகம் கோணி, எச்சில் தெறிக்கத் தூக்குவான். பிறகு டேப்பை எடுத்துத் தன் கையைத் தானே ஆசையாகச் சுற்றிப் பார்ப்பான். நான்காம் வாரத்திலேயே வலது கை முந்திவிட்டது என்பது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவனிடம் கேட்டேன்.

"பேட்ச் முடியட்டுமுங் சார்" என்றான்.

ஆகஸ்டு 12 அன்று மைதானத்தில் கலையரசனை இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டு தடவையும் எண்பதரை. மூச்சை இழுத்தபோது எண்பத்தாறு தாண்டியதாம். சாதாரண நிலையில் அரை சென்டிமீட்டர் குறைவு. ஓட்டத்திலும் இந்த முறை பின்தங்கியே வந்தான், அந்த வயிற்றைச் சுமந்துகொண்டு. மறுநாள் காலை பட்டறைக்குப் போய் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டான். ஷெட்டுக்குத் திரும்ப வரவில்லை. நானும் போகவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன், பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று.

ஒன்பது நாள் கழித்து குருமூர்த்தியிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுதியவற்றுக்கு அவன் எழுதிய முதல் பதிலும் கடைசிப் பதிலும் அதுதான். கம்பெனியில் தீவனச் சோதனைக்கு வைத்திருந்த பழைய படிவம். அதில் தன் கை அளவுகளைச் சென்டிமீட்டரில் நிரப்பியிருந்தான். இடது கை, மூன்று முறை: தொடக்கம் 31.0, முடிவு 31.2. வலது கை, பத்து முறை: தொடக்கம் 31.0, முடிவு 31.9. எண்கள் வழக்கம்போலத் துல்லியம். இறப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். குறிப்பு என்ற இடத்தில் ஒரே வரி: அடுத்த பேட்ச்சிலிருந்து எல்லோருக்கும் பத்து. கலையரசன் பெயர் எங்கும் இல்லை. கீழே சரிபார்த்தவர் கையொப்பத்துக்கு இடம் விட்டு, என் பெயரை எழுதி அனுப்பியிருந்தான்.

கையொப்பம் இடவில்லை. வந்து சேர்ந்த தேதியை மட்டும் மேல் ஓரத்தில் குறித்து வைத்தேன்: 2025 ஆகஸ்டு 21, வியாழக்கிழமை.