அழிக்கச் சொன்ன ஹார்ட் டிஸ்க்

மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டரைத் தானே பாகங்களைச் சேர்த்துச் செய்து தருவதாகக் கிளம்பினார் என் கணவர். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். எதையும் தூக்கிப் போட மனசு வராத ஜென்மம். ஞாயிறு ஆராதனை முடிந்து தாம்பரம் வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைப்பெட்டியும் வயருமாகப் பரப்பிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"தட்டை என் தலையிலயா வைக்கிறது?" என்றேன்.

அவர் காதிலேயே விழவில்லை. பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, அதன் ஹார்ட் டிஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கல்லு மாதிரி இருக்கு பாரு. புது டிஸ்குல விண்டோஸை ஏத்திட்டு, பொண்ணு வீடியோ வைக்க இதைப் போட்டுடலாம். உன் பாட்டெல்லாம் இதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணிடட்டுமா?"

கல்யாணமான புதிதில் சர்ச் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் நான்தான். வீட்டில் பாடிப் பழகுவதை இவர் பதிவு செய்து வைப்பார். மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரு கரகரப்பு. குரோம்பேட்டைப் பள்ளியில் இடுப்பில் மைக் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன். அந்தப் பதிவுகள் வேறெங்கும் கிடையாது. இருந்தும் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. கேட்டால் தாங்க மாட்டேன் என்ற பயம்தான்.

"பண்ணித் தொலைங்க. ஆறின புண்ணைக் கிளறாம இருந்தா சரி," என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

பரிசோதகர் புத்தி சும்மா இருக்குமா? அழிப்பதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறார். ஸ்பீக்கரில் நான் பாடினேன். நிறுத்தச் சொல்லத்தான் கரண்டியோடு ஓடி வந்தேன். வந்தவள் நின்று கேட்டேன். மேலே ஏறும் இடத்திலெல்லாம் சுருதி இறங்கிக் கிடந்தது.

அட ஆண்டவரே, இதற்கா இத்தனை வருஷம் மூக்கைச் சிந்தினேன்! சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் அவர்.

"பொய் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை வேற."

அப்போது பதிவில் பாட்டு பாதியில் நின்றது. அதில் நான் பேசினேன். "ஏங்க, ஃபேனை யாரு போட்டது? பாட்டுப் பேப்பரெல்லாம் பறக்குது, எழுந்து நிறுத்துங்களேன்! அடுப்புல பால் வேற பொங்குது, எல்லாத்துக்கும் நானேவா ஓடணும்?" கணீரென்று, ஒரே மூச்சில். போய்விட்ட பாட்டுக்காக அழுது அழுது, இப்படிப் பேசியவள் நான் என்பதையே மறந்திருந்தேன். கதவோரம் சாய்ந்துகொண்டேன்.

உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "யாருப்பா இது பேசறது?"

"உங்கம்மாதான்."

அவள் என்னையே பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஃபார்மட் பண்ணாதீங்கப்பா," என்றாள். நாற்காலியை இழுத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "பாட்டு வேணாம். அம்மா திட்டறதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."